நண்டு இல்லாத பேனர்

பேனர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், சொல்லுகிற ஆள் யார் என்று சொல்ல வேண்டும். இந்தக் கிழக்குக் கரையில் மருதமுனையிலிருந்து கோமாரி வரைக்கும் என் எழுத்து தொங்காத மின்கம்பம் கிடையாது. தேர்தலில் தோற்றவர்கள்கூட என் பேனரில் வென்றவர்களைப் போலத்தான் சிரித்தார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களை வரவேற்றிருக்கிறேன். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளை வாழ்த்தியிருக்கிறேன். எந்தப் பரீட்சையும் என்னை வாழ்த்தியதில்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனாமல் பெயின்டும் தூரிகையுமாகத் தொடங்கினேன். கம்பியூட்டர் வந்தது, அதையும் யாரிடமும் போய் நிற்காமல் நானே பழகினேன். இப்போது கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் கல்முனையில் ஒரு பேனர் கோணலாகத் தொங்கினால் எனக்குத்தான் போன் வருகிறது.

மெஷினை எப்படித் துடைப்பது, மை எப்படி மாற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த வசனத்தில் கை வைப்பது பற்றி மட்டும் சொல்லுகிறேன். அதில் என்னை விடக் கைகாரன் இந்தக் கரையில் இல்லை. அதனால்தான் என்னை விடப் பெரிய பிழை விட்டவனும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்கிற பிள்ளைகள் என் கடைக்குப் போஸ்டர் அடிக்க வருவார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கடதாசி, அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, முழுக்க இங்கிலீஷ். நடுவில் நாலைந்து வட்டம், அதிலிருந்து அம்புக்குறிகள். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் நுஸ்ரத். மருதமுனைப் பிள்ளை. உடைந்த உறுப்பு உயிர்களுக்கு எப்படித் திரும்ப வளருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக அவள் வளர்த்தது நண்டு. கால் போன நண்டுக்கு எப்படிக் கால் வருகிறது என்று நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை அவள் போஸ்டர் அடிக்க வந்தபோது கேட்டேன்.

"இத யாரு மகள் வாசிக்கிற?"

"யாரும் வாசிக்கமாட்டாங்க மாமா. நாங்க பக்கத்துல நிண்டு விளங்கப்படுத்தணும்."

"யாருக்கு?"

"மத்தப் போஸ்டர்களுக்குப் பக்கத்துல நிக்கிற ஆக்களுக்கு."

"மறுகா, அதுக்குப் புறகு?"

"மறுகா அவங்க அவங்கட போஸ்டர எங்களுக்கு விளங்கப்படுத்துவாங்க."

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கஞ்சியை நாங்கள் வாங்கிக் குடிப்போமே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம்: கஞ்சி வயிற்றுக்குள் போகும்.

இப்படி இருக்கையில் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு சட்டம் வந்ததாம். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் தங்கள் வேலையைச் சமூகத்தோடு பகிர வேண்டும். பகிர்ந்ததற்கு அத்தாட்சியாக மூன்று சாமான் காட்ட வேண்டும்: வந்தவர்களின் கையெழுத்து, ஒரு பேனர், பேனருக்கு முன்னால் நின்று எடுத்த படம். சமூகத்துக்கு ஏதாவது விளங்கியதா என்று நிரப்ப அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்று நுஸ்ரத்தே சொன்னாள். சொல்லிவிட்டு, தானும் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய வசனத்தை நீட்டினாள்.

'நண்டுகளில் இழந்த உறுப்புகளின் மீளுருவாக்கம்: ஓர் ஆய்வு முன்வைப்பு. வழங்குபவர்: கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவி நுஸ்ரத்.'

வாசித்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஒரு பேனரைப் பார்க்க எவ்வளவு நேரம் வைத்திருக்கிறான்? ஒரு தும்மல் நேரம். 'மீளுருவாக்கம்' என்பதை அவன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முன்னால் போகிற லொறியில் மோதிவிடுவான்.

"மகள், இத என்ட கையில விடுங்க. சனம் வரும்," என்றேன்.

பெரிய நீல நண்டுப் படம் ஒன்றைப் போட்டேன். படமே நண்டு என்று சொல்லும்போது 'நண்டுகளில்' என்ற சொல் எதற்கு? எடுத்துவிட்டேன். 'மீளுருவாக்கம்' என்பதை 'மீண்டும் முளைக்கும்' என்று ஆக்கினேன். வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திப் பதில் வந்தது. 'இப்பதான் மாமா எனக்கே விளங்குது' என்றும் எழுதியிருந்தாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன்னால் டிசைன் கம்பியூட்டரில் விரிந்து கிடந்தது. விசிட்டிங் கார்ட் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, தம்பி முறை கொண்டாடிக் கேட்டார்.

"காக்கா, யாரு புது ஹோட்டல் துறக்கிற? நண்டுக் கறி நல்லா வைப்பானா?"

என் நெஞ்சில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. என் பேனரைப் பார்த்துக் கறி கேட்கிறான். உடனே நண்டைத் தூக்கி எறிந்தேன். நண்டு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. முந்திய வாரம் ஒரு மருந்துக் கடைக்குச் செய்த டிசைனிலிருந்து அந்த இதயத் துடிப்புக் கோட்டை எடுத்து வைத்தேன். நீல நிறம், வெள்ளைக் கோடு, அழகாக இருந்தது. 'கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவி' என்பது ஒரு முழு வரியைத் தின்றது. பிஎச்டி முடித்தவர்களையும் இங்கிலீஷில் டொக்டர் என்றுதான் சொல்லுவார்களாம். இவள் முடிக்கப்போகிறவள்தானே என்று நான் முந்திக்கொண்டேன்.

அடித்து முடித்தபோது பேனரில் இருந்தது இதுதான்:

'இழந்த உறுப்பு மீண்டும் முளைக்கும்! டொக்டர் நுஸ்ரத் விளக்கமளிக்கிறார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், வாசிகசாலை மண்டபம். அனைவரும் வருக.'

படம் வந்ததும் சொல்லை எடுத்தேன். படத்தை எடுத்தபோது சொல்லைத் திருப்பி வைக்க நினைக்கவில்லை. ஒவ்வொரு வெட்டும் தனித்தனியே பார்த்தால் சரியான வெட்டு. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, நம் தொழிலில் பெரிய பிழை இப்படித்தான் வரும். வாடிக்கையாளர் ஓம் என்று சொன்னது ஒரு பேனருக்கு. நான் தொங்கவிட்டது வேறொரு பேனர்.

திங்கட்கிழமை மூன்று இடத்தில் கட்டினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, சந்தையடியில் ஒன்று, சனம் கூடுகிற இடம் என்று ஆஸ்பத்திரி வீதியில் ஒன்று. நுஸ்ரத் அந்த வாரம் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் நண்டுகளோடு இருந்தாள். ஒரு பேனரையும் அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்காவது பேனரை மண்டப மேடையில் நானே கட்டினேன். இருபது பேர் வந்தால் போதும் என்று நுஸ்ரத் சொல்லியிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதிரை போதவில்லை. பெண்கள் பக்கமும் நிரம்பியது. பேராசிரியர் காரிலிருந்து இறங்கி, கூட்டத்தைக் கண்டு மலைத்துப்போனார்.

"எங்கட சமூகத்துக்கு விஞ்ஞானத்துல இவ்வளவு ஆர்வமா?"

"எல்லாம் என்ட பேனர் சேர்," என்றேன். அந்த நேரத்தில் அது பெருமை. பிறகு பார்த்தால் அது வாக்குமூலம்.

ஊன்றுகோலோடு ஒருவர் வந்தபோதும் எனக்கு ஒன்றும் பொறி தட்டவில்லை. அரிசி ஆலையில் விரல் போன ஒருவர் கையைத் தோளில் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கரீம் வந்தார். அறுபது தாண்டிய மீனவர். வலது காலில் துணி சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏழைகளுக்கும் அறிவில் எவ்வளவு தாகம் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

நுஸ்ரத் மேடைக்கு ஏறி, படம் எடுப்பதற்காகத் திரும்பினாள். பேனரை வாசித்தாள். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நண்டு எங்க?"

"படத்தப் பாத்து ஹோட்டல் எண்டு நினைச்சாங்க மகள், எடுத்திட்டன்."

"அப்ப எழுத்து?"

"அது படம் இரிக்கி எண்டு முதல்லயே எடுத்திட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் அந்த வரிசையை ஒழுங்காகப் பார்த்தேன்.

இதற்குள் பேராசிரியர் மைக்கைப் பிடித்துவிட்டார். கலங்களின் வேறுபாட்டுத்தன்மை, மீளுருவாக்கத்தின் மூலக்கூற்றுப் பாதைகள் என்று அவர் கதைத்ததில் எனக்கு 'அன்பார்ந்த' என்ற சொல் மட்டும் விளங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார்.

"சேர், ஒரு கேள்வி. நண்டு தின்றது மார்க்கத்துல கூடுமா கூடாதா?"

பேராசிரியர் தன் பேச்சில் எங்கேயோ நண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். "அத மௌலவிட்டக் கேளுங்க," என்றாள் நுஸ்ரத். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரீம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"டொக்டர், எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்துல சீனி கூட. கால் விரல் கறுத்திட்டு. புதன்கிழம வெட்டுறதுக்கு ஆஸ்பத்திரில நாள் தந்தாங்க. வெட்டுறதுக்கு முதல் ஜன்னலால வீதில உங்கட பேனரக் கண்டன். கண்டுட்டு நான் வாட்டுல இருந்து வந்திட்டன். முளைக்கும் எண்டா எந்த இடத்துல வெட்டணும்? வெட்டாமலே முளைக்குமா? அதக் கேட்டுப் போவமெண்டுதான் வந்தன்."

அவருடைய மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வைத்தாள்.

"புதன்கிழம ஒரு விரல்தான் கறுப்பு டொக்டர்! இண்டைக்கு மத்ததும் கறுத்திட்டு! நான் சொன்னாக் கேக்கிறாரில்ல, நீங்க சொல்லுங்க!"

பேராசிரியர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "கேள்விகள் கடைசியில."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ அவசரம் பார்த்திருக்கிறேன். அமைச்சரின் பெயரில் ஓர் எழுத்தின் கால் விடுபட்டு, அவருடைய கார் வரும்போது ஏணியில் ஏறி மார்க்கரால் போட்டவன் நான். ஆனால் அந்த நிமிடம் போல ஒரு நிமிடம் எனக்கு வந்ததில்லை. நான் செய்த முதல் வேலையையும் மறைக்காமல் சொல்லுகிறேன். மைக்கை வாங்கி, "இது கம்பியூட்டர் பிழை," என்றேன்.

"கம்பியூட்டருக்கு டொக்டர் பட்டம் குடுக்கத் தெரியுமா காக்கா?" என்று ஒருவன் கத்தினான். மண்டபம் அதிர்ந்தது. நுஸ்ரத் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். கரீம் இன்னும் உட்காரவில்லை. அவருக்குக் கம்பியூட்டர் தேவையில்லை. முளைக்குமா முளைக்காதா என்பதுதான் தேவை. 'டொக்டர்' என்று பின்னால் தொங்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் அவர் அதை மருந்தாகத்தான் எடுப்பார். அது எனக்குத் தெரியும். எழுத்தின் பலம் எனக்குத் தெரியாதா?

கதிரையில் ஏறினேன். பைக்குள் இருந்த கட்டர் கத்தியை எடுத்து ஒரு பக்கக் கயிற்றை அறுத்தேன். பேராசிரியர் ஓடி வந்தார். "ஐயோ பொறுங்க! இன்னும் படம் எடுக்கல்ல! ஒரு படம் எடுத்திட்டுக் கழட்டுங்க!"

வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொன்னதைச் செய்யாமல் விட்டது அன்றுதான் முதல் தடவை. மற்றப் பக்கத்தையும் அறுத்தேன். பேனர் மேடையில் விழுந்தது.

"இது நான் விட்ட பிழை," என்றேன். "இந்தப் புள்ள எழுதித் தந்தத நான் மாத்திட்டன். இவ டொக்டர் இல்ல. மனிசன்ட காலப் பத்திப் படிக்கல்ல. நண்டுட காலப் பத்தித்தான் படிக்கிறா."

"நண்டு டொக்டரா?" என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு. சிரிக்காமல் நின்றது இரண்டு பேர்: கரீமும் அவருடைய மனைவியும்.

நுஸ்ரத் புரொஜெக்டரை நிறுத்தினாள். அறுபது படம் தயார்பண்ணி வைத்திருந்தாளாம், ஒன்றையும் காட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து கரீமுக்கு முன்னால் நிலத்தில் குந்தினாள்.

"மாமா, நண்டுக்கு முளைக்கும். மனிசனுக்கு முளைக்காது."

"நண்டுக்கு முளைக்கிறது எனக்குத் தெரியும் புள்ள. நாப்பது வருசமா நண்டு புடிக்கிறன். ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறிசா எத்தன நண்டு கண்டிரிக்கன். எனக்குத் தெரியாதது ஒண்டுதான். அல்லாஹ் அதுக்குக் குடுத்தான், எனக்கு ஏன் முளைக்கா?"

இந்தத் தடவை பேராசிரியர்கூடக் கைக்கடிகாரத்தைத் தட்டவில்லை.

"தெரியா மாமா," என்றாள் நுஸ்ரத். "அதத்தான் நாலு வருசமாத் தேடுறன். இன்னும் தெரியா."

அவளுக்கு நான் அடித்துக் கொடுத்த போஸ்டர் ஆறு. ஒன்றிலும் அந்தச் சொல் இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் கரீம் கதிரையில் உட்கார்ந்தார். தெரியாததைத் தெரியா என்று சொல்லுகிறவள் மற்றதையும் உள்ளபடி சொல்லுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"பின்ன தெரிஞ்சதச் சொல்லு," என்றார்.

"நண்டு எப்ப கால உடும்?"

"வலைல சிக்கினா உடும். மத்த நண்டு கடிச்சுப் புடிச்சா உடும். கால உட்டிட்டு ஓடிரும்."

"முளைக்கும் எண்டு நினைச்சா உடுது?"

"இல்ல. உசிருக்குப் பயந்து உடுது."

"அவ்வளவுதான் மாமா. கால உடுறதுக்கு அதுட காலடியில ஒரு இடம் இரிக்கி. அதில முறிஞ்சா இரத்தம் ஓடாம அடைபட்டிரும். மறுகா அந்த இடத்துல ஒரு மொட்டு வரும், ஓடு கழட்டக்குள்ள கால் விரியும். முளைக்கிறது பிறகு வாற கத. முதல்ல அது உசிரக் காப்பாத்துது. உங்கட கறுப்பு மேல ஏறிக்கிட்டு வருது. அத உடாம வச்சிரிக்கிறது நீங்கதான்."

"அப்ப நண்டுக்கு இரிக்கிற புத்தி எனக்கில்ல எண்டுறியா?"

"அத நான் கலியாணம் முடிச்ச கிழமையே சொல்லிட்டன்!" என்றாள் அவர் மனைவி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கரீமும் சேர்ந்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "என்ன எழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்று மனைவியிடம் சொன்னார்.

நான் பேனர் ஏற்றி வந்த ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்றவர்களுடைய வயிற்றெரிச்சலைக் கேட்க நுஸ்ரத் மண்டபத்தில் நின்றாள். அரிசி ஆலைக்காரர் அவளை விடாமல் மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் கேள்வி கேட்டாராம். அவருக்கும் இரண்டு கேள்விக்கு ஒரு தடவை 'தெரியா' என்றாளாம்.

புதன்கிழமை வெட்டியிருந்தால் ஒரு விரல். வெள்ளிக்கிழமை போனதால் இரண்டு விரல் எடுத்தார்கள். அந்த இரண்டாவது விரலுக்கு என் பேனர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன். ஆஸ்பத்திரி வீதிப் பேனரையும் மற்ற இரண்டையும் அன்றே போய் நானே இறக்கினேன். அதற்குப் பிறகு, வாடிக்கையாளர் ஓம் என்று சொன்ன டிசைனில் ஒரு புள்ளி மாற்றினாலும் திருப்பி அனுப்பிக் கேட்காமல் நான் அச்சடித்ததில்லை. அதில் நேரம் போகும். போகட்டும்.

பேராசிரியருடைய படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேனர் இல்லாமல் எடுத்த படத்தைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கவில்லை. அடுத்த மாதம் 'நண்டுகளில்' என்ற சொல்லோடும் 'மீளுருவாக்கம்' என்ற சொல்லோடும் அவர் எழுதியபடியே ஒரு பேனர் அடித்துக் கொடுத்தேன். வெறும் மண்டபத்தில் ஆறு பேரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஆறாவது ஆள் நான். அறிக்கையில் இருப்பது அந்தப் படம்தான். சமூகத்தோடு பகிர்ந்தாயிற்று.

ஆனால் பகிர்ந்ததை நான் பார்த்தது அதற்கு முன்னால், வேறோர் இடத்தில். விரல் எடுத்து மூன்றாம் நாள், பிஸ்கட்டும் பால்மாவும் வாங்கிக்கொண்டு கரீமைப் பார்க்க வாட்டுக்குப் போனேன். கதவடியிலேயே அவர் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒருவர், நெல் வியாபாரி. அவருக்கும் சீனி நோய், அவருக்கும் கால். வெட்டுவதற்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இரண்டு நாளாக டொக்டர்மாரோடு மல்லுக்கு நின்றவர். கரீம் ஒரு கையை நண்டாக்கி, மற்றக் கையால் அதன் விரலை முறித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"...இந்த இடத்துல முறியும். இரத்தம் வராது. மறுகா மொட்டு."

"நமக்கும் முளைக்குமா?" என்று அக்கரைப்பற்றுக்காரர் கேட்டார்.

"முளைக்கா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"முளைக்காது எண்டு நிச்சயமாத் தெரியும். ஏன் முளைக்கா எண்டுதான் தெரியா. அதத் தேடுறதுக்கு மருதமுனைல ஒரு புள்ள இரிக்கி."

"டொக்டரா?"

"இல்ல. நண்டு படிக்கிற புள்ள."

அக்கரைப்பற்றுக்காரர் தன் காலைப் பார்த்தார். பிறகு நேர்ஸைக் கூப்பிட்டு, அந்தக் கையெழுத்துக் கடதாசியைக் கொண்டுவரச் சொன்னார்.